சிங்க்ரனைஸ்ட் கிளாஸும் த்ரெட் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் சனி, ஞாயிறு நாட்களில் ஜாவா என்ற நிரல் மொழியைக் கற்பிக்கிறேன். த்ரெட் (ஒரே நிரலுக்குள் மற்றவற்றுடன் சேர்ந்து ஓடும் ஒரு தனி வேலை ஓட்டம்) பற்றிய பாடம் தொடங்கியதும் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே சந்தேகங்கள் வருவதால், அவற்றை மாணவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வகுப்பில் நாங்கள் செய்து பார்க்கும் நிரல் தேயிலைக் கொழுந்து நிறுவைக்கானது. மலையில் நிறுப்பவரின் கைபேசி, தொழிலாளியின் செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) இலக்கத்தையும் கிலோவையும் சேர்வருக்கு அனுப்பும்; சேர்வர் அவற்றை இலக்கவாரியாகக் கூட்டி வைக்கும். சிக்னல் கிடைக்காத சரிவுகள் பல என்பதால், காலை நிறுவையும் பகல் நிறுவையும் வெவ்வேறு கைபேசிகளில் தேங்கி நின்று, சிக்னல் வந்த கணத்தில் ஒன்றாகச் சேர்வரை வந்தடைவதுண்டு. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் இந்த உதாரணமே தொடர்கிறது.

மிஸ், த்ரெட் சேஃப் என்றால் சரியாக என்ன? சிங்க்ரனைஸ்ட் என்று எழுதியதும் உள்ளே என்ன நடக்கிறது?

பல த்ரெட்கள் ஒரே ஒப்ஜெக்டை (தரவையும், அதைக் கையாளும் மெதட்டுகள் எனப்படும் செயல்களையும் கொண்ட அலகு; அதன் வடிவமைப்பே கிளாஸ்) எந்த ஒழுங்கில் தொட்டாலும், அந்த ஒப்ஜெக்ட் காப்பாற்ற வேண்டிய விதி உடையாமல் இருப்பதே த்ரெட் பாதுகாப்பு. நம் உதாரணத்தில், ஒருவருடைய மொத்தம் அவருக்காக வந்து சேர்ந்த நிறுவைகள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதே விதி. காப்பாற்ற வேண்டிய விதி எது என்று சொல்லாமல், ஒரு கிளாஸ் பாதுகாப்பானதா என்று மட்டும் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஜாவாவில் ஒவ்வோர் ஒப்ஜெக்டுடனும் ஒரு பூட்டு இணைந்திருக்கிறது. சிங்க்ரனைஸ்ட் என்று குறித்த மெதட்டுக்குள் நுழையும் த்ரெட் அந்தப் பூட்டை எடுத்துக்கொண்டு, வெளியேறும்போது விட்டுவிடுகிறது. இடையில் அதே பூட்டைக் கேட்டு வரும் த்ரெட்கள் காத்திருக்கின்றன. நம் பதுளை ரயில் பாதையின் டெப்லட் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில், சிங்கமலைச் சுரங்கத்தை உள்ளடக்கிய அந்த ஒற்றைப் பாதைக்குள் நுழைய வேண்டுமானால், டெப்லட் எனப்படும் உலோக வட்டு சாரதியின் கையில் இருக்க வேண்டும். ஒரு வட்டு வெளியே இருக்கும்வரை, இரு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் இன்னொன்றைத் தராது. பூட்டு செய்வதும் இதுவே. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அதை நான்காம் கேள்வியில் சொல்கிறேன்.

ஹேஷ்டேபிளில் எல்லா மெதட்டும் சிங்க்ரனைஸ்ட் தானே. பிறகு எப்படிக் கிலோ காணாமல் போகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், மெதுவாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். ஹேஷ்டேபிள் என்பது இலக்கத்தைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை; கெட் மெதட் படிக்கும், புட் மெதட் எழுதும். நம் மொத்தங்கள் அதில்தான் இருக்கின்றன. 217ஆம் இலக்கத்தின் கணக்கில் 6 கிலோ இருக்கிறது. ஒரு கைபேசியிலிருந்து 7 கிலோவும், இன்னொன்றிலிருந்து 5 கிலோவும் ஒரே நேரத்தில் வருகின்றன. சேர்வரில் இரண்டு த்ரெட்கள் இவற்றைக் கையாளுகின்றன. முதலாவது த்ரெட் கெட் மெதட்டை அழைத்து 6 என்று படிக்கிறது, பூட்டு விடப்படுகிறது. இரண்டாவது த்ரெட் பூட்டை எடுத்து அதுவும் 6 என்று படிக்கிறது. முதலாவது 6உடன் 7ஐக் கூட்டி, புட் மெதட்டின் மூலம் 13 என்று எழுதுகிறது. இரண்டாவது, தன் கையிலிருந்த பழைய 6உடன் 5ஐக் கூட்டி, 11 என்று அதன்மேல் எழுதிவிடுகிறது. 18 இருக்க வேண்டிய இடத்தில் 11 நிற்கிறது. எந்த எக்செப்ஷனும் (பிழை அறிவிப்பும்) வரவில்லை. ஒவ்வொரு கெட்டும் ஒவ்வொரு புட்டும் பிழையின்றி முடிந்திருக்கின்றன.

ஹேஷ்டேபிள் தன் விதியைக் காப்பாற்றியது: அதன் உள் அமைப்பு சிதையவில்லை. உடைந்தது நம் விதி. நம் விதி கெட், கூட்டல், புட் ஆகிய மூன்றையும் சேர்த்தே நிற்கிறது. ஹேஷ்டேபிளின் பூட்டோ கெட் முடிந்ததும் திறந்து, புட்டுக்கு மீண்டும் மூடுகிறது. இடையில் திறந்திருந்த அந்தச் சிறு நேரத்தில்தான் 7 கிலோ தொலைந்தது. 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) என்று வைத்திருக்கும் தோட்டமாயின், மலையில் நின்று முழுதாகக் கொழுந்து பறித்த ஒருவருக்கு அன்று அரைப்பேர்தான் விழும். அவர் வந்து கேட்டால், கணக்கில் அப்படித்தான் இருக்கிறது என்ற பதிலே கிடைக்கும். இதனால்தான் இந்தப் பிழையை வகுப்பில் விளையாட்டாக எடுக்க நான் விடுவதில்லை.

தீர்வு, மூன்று செயல்களையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவருவது. ஹேஷ்டேபிளையே பூட்டாகக் கொண்ட ஒரு சிங்க்ரனைஸ்ட் பகுதிக்குள் மூன்றையும் எழுதலாம். உள்ளே கெட்டும் புட்டும் அதே பூட்டை மீண்டும் கேட்டாலும், ஏற்கெனவே அதை வைத்திருக்கும் த்ரெட் தடுக்கப்படாது. 2014இல் வந்த ஜாவா 8 முதல் இன்னும் நேரான வழி இருக்கிறது: மேர்ஜ் என்ற மெதட், படித்தல், கூட்டல், எழுதல் மூன்றையும் ஒரே அழைப்பில் செய்கிறது, ஹேஷ்டேபிளில் அதுவும் சிங்க்ரனைஸ்ட் ஆகவே எழுதப்பட்டுள்ளது.

வெக்டரை லூப் போட்டு வாசிக்கும்போது மட்டும் ஏன் எக்செப்ஷன் வருகிறது? நான் எதையும் மாற்றவில்லையே, வாசிக்கத்தானே செய்கிறேன்?

வெக்டர் என்பது சிங்க்ரனைஸ்ட் மெதட்டுகளைக் கொண்ட ஒரு பட்டியல். வாசிப்பது நீங்கள், மாற்றுவது இன்னொரு த்ரெட். சைஸ் மெதட்டை அழைத்து 40 என்று தெரிந்துகொள்கிறீர்கள். கடைசி உறுப்பைப் படிக்கக் கெட் மெதட்டை அழைப்பதற்குள் வேறொருவர் ஒன்றை நீக்கிவிட்டால், இல்லாத இடத்தைக் கேட்டதாகி எக்செப்ஷன் எழுகிறது. முந்தைய பதிலில் கண்ட அதே இடைவெளிதான் இது. எனினும் அங்கே கிலோ சத்தமின்றிப் போனது. இங்கே பிழை கூச்சலிடுகிறது. கூச்சலிடும் பிழை நமக்கு நல்லது.

உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரைப் பயன்படுத்தினால், வாசிப்பின் நடுவே மாற்றம் நடந்ததைச் சொல்லும் கொன்கரன்ட் மொடிஃபிகேஷன் எக்செப்ஷன் வரலாம். அதுவும் முயன்று பார்த்துச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே. ஒவ்வொரு மோதலையும் அது கண்டுபிடிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கலெக்ஷன்ஸ் கிளாஸின் சிங்க்ரனைஸ்ட்லிஸ்ட் என்ற மெதட் ஒரு சாதாரண லிஸ்டைச் சுற்றிப் பூட்டுள்ள உறை ஒன்றைத் தருகிறது. அதன் அதிகாரபூர்வ ஆவணமே, லிஸ்டை வரிசையாக வாசிக்கும்போது பயன்படுத்துபவர்தான் அந்த உறையைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. ஹேஷ்டேபிள் போன்ற அட்டவணையான மெப்புக்கு அதே வகை உறை தரும் சிங்க்ரனைஸ்ட்மெப் கொடுக்கும் கீசெட்டை (அதிலுள்ள இலக்கங்களின் தொகுதியை) வாசிக்கும்போது கீசெட்டைப் பூட்டக்கூடாது, மெப்பைப் பூட்ட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. இந்த வரிகளைப் படிக்காமல் பெயரில் உள்ள சிங்க்ரனைஸ்ட் என்ற சொல்லை மட்டும் நம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுதுகிற மெதட்டுக்கு மட்டும் சிங்க்ரனைஸ்ட் போட்டால் போதாதா? வாசிக்கிற மெதட் எதையும் கெடுக்காதே.

போதாது. டெப்லட் உவமையில் நான் குறிப்பிட்ட வேறுபாடு இங்கேதான் வருகிறது. டெப்லட் இல்லாத ரயில் அந்தப் பகுதிக்குள் நுழைய அனுமதி இல்லை. ஜாவாவின் பூட்டோ, தன்னைக் கேட்டு வருபவரை மட்டுமே நிறுத்துகிறது. சிங்க்ரனைஸ்ட் இல்லாத மெதட்டின் வழியாக வரும் த்ரெட் பூட்டு இருப்பதையே அறியாமல் நேரே உள்ளே போகும். ஆகவே பூட்டு என்பது, தரவைத் தொடும் அனைவரும் கடைப்பிடித்தால் மட்டுமே நிற்கும் ஓர் உடன்படிக்கை.

பூட்டாமல் வாசிக்கும் த்ரெட் இரண்டு வகையில் ஏமாறலாம். முதலாவது, ஒப்ஜெக்டின் இரண்டு புலங்களை (தரவு மாறிகளை) மாற்றும் வேலையின் நடுவில் அது நுழைந்து, கிலோ கூடிவிட்ட ஆனால் நிறுவை எண்ணிக்கை இன்னும் கூடாத அரைகுறை நிலையைப் பார்க்கலாம். இரண்டாவது நுட்பமானது: ஒரு த்ரெட் எழுதியதை இன்னொரு த்ரெட் எப்போது காணும் என்பதற்கே, பூட்டு இல்லாதவிடத்து உறுதி கிடையாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், மதிப்பைப் புரொசஸருக்குள் இருக்கும் பதிவகத்தில் வைத்துக்கொள்ளலாம். புரொசஸர் எழுதும் செயல்களின் ஒழுங்கை மாற்றலாம். 2004இல் ஜாவா 5உடன் திருத்தி எழுதப்பட்ட நினைவக மாதிரி (ஒரு த்ரெட் எழுதியதை இன்னொன்று எப்போது காணும் என்ற விதிகள்), ஒரு பூட்டை விடுவதற்கு முன் எழுதியவை யாவும், பின்னர் அதே பூட்டை எடுப்பவருக்குத் தெரியும் என்று உறுதி தருகிறது. அதே பூட்டு என்பதே அந்த உறுதியின் உயிர். லோங், டபிள் ஆகிய 64 பிட் மாறிகளை வொலடைல் என்ற குறிச்சொல் இன்றியும் பூட்டின்றியும் பகிர்ந்தால், ஒரு பாதி பழையதும் மறு பாதி புதியதுமான எண்ணைக்கூட வாசிக்க நேரலாம் என்று மொழியின் விதிநூல் அனுமதிக்கிறது.

அப்படியென்றால் வொலடைல் போட்டுவிட்டால் சரிதானே?

வொலடைல், எழுதியது பிறருக்குத் தெரிவதை உறுதிசெய்யும். படித்துக் கூட்டி எழுதும் மூன்று செயல்களை ஒன்றாக்காது. எண்ணியை ஒன்று கூட்டும் வரி நிரலில் ஒரே வரியாகத் தெரிந்தாலும், உள்ளே அது இரண்டாம் கேள்வியில் கண்ட மூன்று செயல்களேயாகும். ஒரு த்ரெட் எழுதி மற்றவை வாசிக்க மட்டும் செய்யும் நிறுத்தக் கொடிக்கு (வேலையை நிறுத்து என்று காட்டும் மாறிக்கு) வொலடைல் பொருத்தம். எண்ணிக்கைக்கு, அந்த மூன்றையும் ஒரே செயலாகச் செய்யும் அட்டொமிக் லோங்கைப் பயன்படுத்துங்கள்.

நானும் பூட்டித்தான் எழுதினேன் மிஸ். இன்னும் கணக்குப் பிழைக்கிறது. ஏன்?

எந்த ஒப்ஜெக்டைப் பூட்டினீர்கள் என்று முதலில் பாருங்கள். மாணவர்களின் நிரல்களில் நான் காண்பவற்றுள் பெரும்பாலானவை மூன்று வகைகளில் அடங்கும். சிங்க்ரனைஸ்ட்மெப்பின் உறையைச் சிலர் பூட்டுகிறார்கள். வேறு இடத்தில், உறைக்குள் இருக்கும் பழைய மெப்பைப் பூட்டுகிறார்கள். அவை இரண்டு வெவ்வேறு பூட்டுகள். இரண்டாவது வகை, ஸ்டெட்டிக் மெதட். ஸ்டெட்டிக் சிங்க்ரனைஸ்ட் மெதட் கிளாஸுக்குரிய பூட்டை எடுக்கிறது. சாதாரண சிங்க்ரனைஸ்ட் மெதட் அந்தத் தனி ஒப்ஜெக்டின் பூட்டை எடுக்கிறது. ஒரே ஸ்டெட்டிக் மொத்தத்தை இரண்டு வகை மெதட்டுகளும் தொட்டால், இருவர் இரு கதவுகளால் ஒரே அறைக்குள் நுழைந்தது போலாகும்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் கவலை தருவது: முழு எண்ணைத் தாங்கும் இன்டிஜர் ஒப்ஜெக்டைப் பூட்டாக வைப்பது. 217 என்ற இலக்கத்துக்கு உரிய இன்டிஜர் ஒப்ஜெக்டைப் பூட்டினால், 217ஆம் கணக்கு மட்டும் பூட்டப்படும் என்று எண்ணுகிறார்கள். -128 முதல் 127 வரையிலான எண்களைப் பெட்டியிலிடும்போது (இன்டிஜர் ஒப்ஜெக்டாக மாற்றும்போது) ஜாவா ஒரே ஒப்ஜெக்டை மீண்டும் தருகிறது. ஆகவே 100ஆம் இலக்கத்தை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். 217க்கோ ஒவ்வொரு முறையும் புதிய ஒப்ஜெக்ட் உருவாகலாம். அப்போது ஒவ்வொரு த்ரெட்டும் தன் சொந்தப் பூட்டைப் பூட்டிக்கொண்டு, யாரையும் தடுக்காமல் உள்ளே போகிறது. பூட்டுக்கென்றே பிரைவேட் ஃபைனல் (வெளியே தெரியாத, பின்னர் மாற்றியமைக்க முடியாத) ஒப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதை வேறெதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்ல வழக்கம்.

கிளாஸில் உள்ள எல்லா மெதட்டையும் சிங்க்ரனைஸ்ட் ஆக்கிவிட்டேன், எல்லாப் புலமும் பிரைவேட். இனிமேல் குறை சொல்ல முடியுமா?

நிறுவைப் பட்டியலைத் திருப்பித் தரும் மெதட்டைப் பாருங்கள். அது உள்ளே இருக்கும் அரேலிஸ்ட் என்ற பூட்டில்லாத பட்டியலையே தருகிறதென்றால், பெற்றுக்கொண்டவர் பூட்டுக்கு வெளியே நின்று அதை மாற்ற முடியும்; மாற்றாமல் வாசித்தாலும் நான்காம் பதிலில் சொன்ன சிக்கல் வரும். பிரதி ஒன்றை எடுத்துப் பூட்டுக்குள்ளிருந்தே கொடுங்கள். மாற்ற முடியாத உறையைக் கொடுத்தாலும் போதாது: அந்த உறை உள்ளே இருக்கும் அதே லிஸ்டைத்தான் பார்க்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. பிறகு மாறவே மாறாத ஒப்ஜெக்டுக்குப் பூட்டே வேண்டாம். ஒரு நிறுவையின் இலக்கம், நேரம், கிலோ ஆகியவற்றை ஃபைனல் புலங்களாக வைத்து ஒருமுறை உருவாக்கிவிட்டால், அதை எத்தனை த்ரெட்களும் பகிர்ந்துகொள்ளலாம். திகதியை வடிவமைக்கும் சிம்பிள் டேட் ஃபோர்மெட் தன் வேலையின் நடுவே உள்நிலையை மாற்றிக்கொள்வதால் பகிரத்தக்கதன்று. ஜாவா 8இல் வந்த டேட் டைம் ஃபோர்மெட்டர் மாறாத ஒப்ஜெக்ட் என்பதால் தாராளமாகப் பகிரலாம்.

ஹேஷ்டேபிளைத் தூக்கிவிட்டுக் கொன்கரன்ட் ஹேஷ்மெப் போட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

கொன்கரன்ட் ஹேஷ்மெப், பல த்ரெட்கள் ஒன்றாகப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த மெப். வேகம் கூடும்; வாசிப்பவர்கள் எழுதுபவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்; வாசிக்கும்போது கொன்கரன்ட் மொடிஃபிகேஷன் எக்செப்ஷனும் வராது. ஆனால் கெட்டையும் புட்டையும் தனித்தனியே எழுதினால், 7 கிலோ இரண்டாம் கேள்வியில் தொலைந்தபடியே இங்கும் தொலையும். முழு வேலையையும் ஒரே அழைப்பில் செய்யும் மேர்ஜ், கம்பியூட், புட் இஃப் அப்சென்ட் போன்ற மெதட்டுகளைப் பயன்படுத்தினால்தான் பயன்.

ஒரு வகையில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஹேஷ்டேபிளை வெளியிலிருந்து பூட்டி எல்லோரையும் நிறுத்த முடியும். கொன்கரன்ட் ஹேஷ்மெப்பை நீங்கள் சிங்க்ரனைஸ்ட் பகுதியில் பூட்டினாலும், அதன் மெதட்டுகள் அந்தப் பூட்டைக் கேட்பதில்லை. ஆகவே இரண்டு இலக்கங்களை ஒன்றாக மாற்ற வேண்டிய வேலைக்கு அது தனியே உதவாது. பிறர் எழுதிக்கொண்டிருக்கையில் அதன் சைஸ் தரும் எண்ணும் தோராயமானதே.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டுகளால் பூட்டிவிடலாமே, ஏன் தயங்க வேண்டும்?

ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனிப் பூட்டு வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். 217க்குச் சேர வேண்டிய 7 கிலோ தவறுதலாக 271இன் கணக்கில் பதிந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும். ஒரு த்ரெட் 271ஐப் பூட்டி 217ஐக் கேட்கிறது. அதே வேளையில் இன்னொரு திருத்தம் 217ஐப் பூட்டி 271ஐக் கேட்கிறது. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்பார்கள்; சிங்க்ரனைஸ்ட்டில் காத்திருப்பதற்குக் கால எல்லை இல்லாததால் நிரலை நிறுத்தும்வரை நிற்பார்கள். எப்போதும் சிறிய இலக்கத்தை முதலில் பூட்டுவது என்று ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டால் இந்த டெட்லொக் நேராது. பூட்டைப் பிடித்துக்கொண்டு வலையமைப்புக்கோ, உங்களுக்குத் தெரியாத பிறர் நிரலுக்கோ அழைப்பு விடுக்காதீர்கள்.

வெக்டரும் ஹேஷ்டேபிளும் மெதுவானவை என்பதால்தானே வேண்டாம் என்கிறார்கள்?

வேகம் ஒரு காரணம், முதன்மைக் காரணம் அன்று. 1996இல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே இருந்த அந்தக் கிளாஸ்கள், ஏறத்தாழ எல்லா அழைப்புகளையும் பூட்டின. 1998இல் ஜாவா 1.2உடன் வந்த அரேலிஸ்டும் ஹேஷ்மெப்பும் பூட்டின்றியே வடிவமைக்கப்பட்டன. காப்பாற்ற வேண்டிய விதி பயன்படுத்துபவரிடம் இருக்கும்போது, கிளாஸ் போடும் பூட்டு பெரும்பாலும் தவறான நீளத்தில் அமைகிறது என்பதை என் மாணவர்களின் நிரல்களிலேயே காண்கிறேன். சொற்களைச் சேர்த்துச் சேர்த்து உரையைக் கட்டும் ஸ்ட்ரிங்பஃபரிலும் இதே கதைதான்: இரண்டு த்ரெட்கள் பெயரையும் கிலோவையும் தனித்தனி அப்பென்டாக (ஈற்றில் சேர்க்கும் அழைப்பாக) எழுதினால், ஒருவர் பெயருக்கு அடுத்து மற்றவர் கிலோ வந்து நிற்கலாம்.

என் மடிக்கணினியில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. பிறகும் ஏன் திருத்தச் சொல்கிறீர்கள்?

இரண்டு நிறுவைகள் மிகக் குறுகிய இடைவெளிக்குள் மோதினால்தான் பிழை வெளிப்படும். நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியிருப்பீர்கள். மலையிலோ, மூடுபனி விலகிச் சிக்னல் வந்ததும் தேங்கியவை எல்லாம் ஒன்றாக வருகின்றன. புரொசஸரும் மாறும்: பல மடிக்கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகை, எழுதும் செயல்களின் ஒழுங்கை ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்கும், ஆர்ம் வகை அந்த அளவு கட்டுப்பாடு வைப்பதில்லை. சோதிப்பதாயின், எண்ணிக்கை பூச்சியமாகும்வரை காக்கவைக்கும் கவுன்ட்டவுன் லெட்ச் ஒன்றில் எல்லா த்ரெட்களையும் நிறுத்தி, ஒரே கணத்தில் விடுங்கள். அப்படியும் பிழை தெரியாவிட்டால் அதைச் சான்றாகக் கொள்ளாமல், ஒவ்வொரு புலத்துக்கும் அதைக் காக்கும் பூட்டு எது என்று நிரலில் குறிப்பு எழுதி, அந்தப் புலத்தைத் தொடும் ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபாருங்கள். நான் திருத்தும்போது அதைத்தான் செய்கிறேன்.

வேர்ச்சுவல் த்ரெட் வந்துவிட்டதே, இனிமேல் சிங்க்ரனைஸ்ட்டை விட்டுவிட வேண்டுமா?

வேர்ச்சுவல் த்ரெட்கள் ஜாவாவே நிர்வகிக்கும் இலேசான த்ரெட்கள். 2023இல் ஜாவா 21உடன் அவை நிரந்தரமாக இணைக்கப்பட்டபோது, சிங்க்ரனைஸ்ட் பகுதிக்குள் காத்திருக்கும் வேர்ச்சுவல் த்ரெட், தன்னைச் சுமக்கும் உண்மையான த்ரெட்டையும் விடாமல் பிடித்துவைத்தது. 2025இல் வந்த ஜாவா 24இல் அந்தக் குறை பெருமளவு நீக்கப்பட்டது. அது வேகம் பற்றிய விடயம். விதி உடைவது பற்றி மேலே சொன்னவற்றில் எதுவும் வேர்ச்சுவல் த்ரெட்டால் மாறவில்லை. த்ரெட்களின் எண்ணிக்கை கூடும்போது மோதல்களும் கூடும்.

எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகு சேர்வரை இரண்டாக்கினோம். பழைய பிழை திரும்பி வந்துவிட்டது. என்ன செய்வது?

சிங்க்ரனைஸ்ட், ஜாவா நிரலை ஓட்டும் ஜே.வி.எம். ஒன்றின் உள்ளே மட்டுமே செல்லும். முதலாவது சேர்வரின் பூட்டு இரண்டாவதுக்குத் தெரியாது. இரண்டும் தரவுத்தளத்திலிருந்து 6ஐப் படித்து, 13ஐயும் 11ஐயும் எழுதும். எனவே விதி தரவு இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். மொத்தத்தைப் படித்து எழுதாமல், இருக்கும் கிலோவுடன் 7ஐக் கூட்டு என்று தரவுத்தளத்துக்கே ஒரே அப்டேட் கட்டளையாகக் கொடுங்கள்.

அதைவிடவும் நான் விரும்பும் வழி, மொத்தத்தை எழுதாமலே விடுவது. ஒவ்வொரு நிறுவையையும் தனி வரியாகச் சேர்த்து, மொத்தத்தைத் தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம். கைபேசி ஒவ்வொரு நிறுவைக்கும் மீண்டும் வராத அடையாளம் ஒன்றை இட்டு அனுப்பி, தரவுத்தளத்தில் அதற்குத் தனித்துவக் கட்டுப்பாடும் வைத்துவிட்டால், சிக்னல் அறுந்து அதே நிறுவை இருமுறை அனுப்பப்பட்டாலும் ஒருமுறைதான் பதியும். 217ஆம் இலக்கத்தவர் வந்து கேட்கும் நாளில், காலை 6, பகல் 7, மாலை 5 என்று மூன்று வரிகளையும் நேரத்துடன் அவருக்கு எடுத்துக் காட்டவும் முடியும்.